கல்விச்சாலையில் வாயில்லா ஜீவன்கள்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. புனித ரமலானின் இறுதிப் பத்து நாட்கள் நடந்துகொண்டிருந்தன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வளாகத்தில், சர் சையத் அருங்காட்சியகத்தை ஒட்டிய பூங்காவில், வயது அறுபதைக் கடந்த ஒருவர் காலை நடைக்காகச் சென்றார். தெருநாய்க் கூட்டமொன்று அவரைச் சூழ்ந்துகொண்டது. கீழே விழுந்தவர் மீண்டும் எழவேயில்லை. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சி நாடெங்கும் பரவிற்று. பார்த்தவர் நெஞ்சமெல்லாம் பதறிற்று.

சர் சையத் அஹ்மத் கான் 1875இல் தொடங்கிய கல்விக்கூடம் 1920இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது என்ற வரலாற்றை நாம் அறிவோம். ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான பரப்பு. பேராசிரியர்களும் பணியாளர்களும் பல்லாயிரம் மாணவ மாணவியரும் நடமாடும் ஊர் அது. அப்படிப்பட்ட ஓரிடத்தில் பட்டப்பகலில் ஒரு மனிதர் நாய்களுக்கு இரையானார் என்றால், அதை ஒரு நாள் செய்தியாகப் படித்துவிட்டுப் புரட்டிவிட முடியுமா? நம் பிள்ளைகள் இன்று அலிகரில் மட்டுமன்று, நாட்டின் எல்லாத் திசைகளிலும் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். ஃபஜ்ருத் தொழுகைக்காக இருட்டில் பள்ளிவாசலை நோக்கி நடக்கும் மாணவரும், நூலகம் மூடும் நேரத்தில் விடுதிக்குத் திரும்பும் மாணவியும் செல்லும் பாதைகளில்தான் நாய்களும் படுத்திருக்கின்றன.

இத்தகைய துயரம் நேரும்போதெல்லாம் இரண்டு கூக்குரல்கள் எழுகின்றன. எல்லா நாய்களையும் கொன்றுவிடுங்கள் என்பது ஒன்று. நாய் தானாகக் கடிக்காது, மனிதன்தான் சீண்டியிருப்பான் என்பது மற்றொன்று. முன்னதில் இரக்கமில்லை, பின்னதில் இறந்தவர் மீதே பழி சுமத்தப்படுகிறது. இவ்விருவரும் பேச மறக்கும் விஷயம் ஒன்றுண்டு. அது சோறு.

எலும்பைத் தேடி வந்தவை

ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்கு நாய் எப்படி வருகிறது? சுற்றுச்சுவர் இருக்கும், ஆனால் சுவரில் உடைப்பும் இருக்கும், கழிவுநீர் வாய்க்கால் செல்லும் வழியும் இருக்கும். உள்ளே வாகன நெரிசல் கிடையாது. நிழல் தரும் மரங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக விடுதிகள் உண்டு. ஐந்நூறு பேர் உண்ணும் ஒரு விடுதியில் ஒரு வேளைக்கு மிஞ்சும் சோறும் எலும்பும் எத்தனை கூடை என்பதை, கல்யாண வீட்டில் சகன் கழுவியவர்கள் ஒருவாறு கணித்துக்கொள்ளலாம். அந்தக் கூடைகள் சமையற்கூடத்தின் பின்புறம் மூடியில்லாத தொட்டியில் கொட்டப்படுகின்றன. நகராட்சி வண்டி வரும்வரை அது நாய்களின் பந்தி.

நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள். ஆண்டுக்கு இரண்டு ஈற்று வரை உண்டு. குட்டிகளில் பல இறந்துபோகும் என்பது உண்மையே. ஆனால் தீனி தடையின்றிக் கிடைக்கும் இடத்தில் பிழைப்பவை அதிகம். பிழைத்த பெட்டை ஓராண்டு நிறைவதற்குள் தானே தாயாகக்கூடும். வளாகத்தில் நான்கு நாய்கள் நின்ற இடத்தில் சில ஆண்டுகளில் ஒரு கூட்டமே நிற்பதற்கு வேறு மாயம் ஏதும் தேவையில்லை.

இதில் மாணவர்களின் பங்கும் உண்டு. வீட்டைப் பிரிந்து வந்த பிள்ளைக்கு, வாலாட்டி வரும் ஒரு ஜீவன் ஆறுதலாக இருக்கிறது. பிஸ்கட் போடுகிறான், பெயர் வைக்கிறான், மழைக்காலத்தில் மாடிப்படிக்கு அடியில் சாக்கு விரிக்கிறான். அவனுடைய மனம் நல்ல மனம். அதைக் குறை கூற நமக்கு வாயில்லை. ஆயினும் மே மாதம் வருகிறது. தேர்வு முடிந்து விடுதிகள் பூட்டப்படுகின்றன. சமையற்கூடத்தில் அடுப்பு எரிவதில்லை. ஓராண்டாகக் கையிலிருந்து உண்டு பழகிய நாய்கள் பசியோடு கூட்டமாகத் திரிகின்றன. அப்போது வளாகத்தில் நடப்பவர் யார்? காவலாளி, துப்புரவுப் பணியாளர், தோட்டக்காரர், பணியாளர் குடியிருப்பின் சிறு குழந்தைகள். பெயர் வைத்த மாணவன் ஊரில் இருக்கிறான். மூன்றாண்டு கழிந்தால் ஒரேயடியாகப் போய்விடுவான். காரில் வந்து காரில் போகும் பெரியவர்களுக்கு இந்த நாய்கள் ஒரு பிரச்சினையே அல்ல. அதிகாலை ஐந்து மணிக்குச் சமையல் வேலைக்குக் கால்நடையாக வரும் பெண்மணியைக் கேட்டால்தான் தெரியும்.

குரங்கின் கதையும் இதுவே. வாழைப்பழம் கொடுத்துப் பழக்கிய பிறகு, அது பையைப் பறிக்கிறது, அறைக்குள் நுழைகிறது என்று முறையிடுவதில் பொருளில்லை. எச்சில் இலைக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு அணித்தே போவாய் ஐ.ஐ.டி. வளாகம் இருக்கிறது. அங்குச் சிறுத்தையின் நடமாட்டம் பலமுறை செய்தியாகியிருக்கிறது. அந்நகரத்துச் சிறுத்தைகளின் உணவில் நாய்க்குப் பெரும்பங்கு உண்டு என்று வனவிலங்கு ஆய்வாளர்கள் கூறியுள்ளனர். தொட்டியின் மூடியில் தொடங்கிய அலட்சியம் எங்கே போய் நிற்கிறது, பார்த்தீர்களா!

கிண்டியில் நடந்தது

நம் சென்னைக்கு வருவோம். 1959இல் நிறுவப்பட்ட சென்னை ஐ.ஐ.டி., கிண்டிக் காட்டிலிருந்து பிரித்தெடுத்த சுமார் 617 ஏக்கர் நிலத்தில் அமைந்தது. பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா. வெறும் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இது நாட்டின் மிகச்சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்றாகும். ஆலமரமும் புதர்க்காடும் நிறைந்த ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமானும் வெளிமானும் மாணவர்களுக்கு நடுவே மேய்வதைப் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். வெளிமான் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிரினம். புலிக்குரிய அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு.

அந்த மான்களை நாய்கள் வேட்டையாடின. பசிக்காக மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். வயிறு நிறைந்த நாயும் கூட்டத்தோடு சேர்ந்தால் ஓடுவதைத் துரத்தும். அது அதன் இயல்பு. மானோ மிகவும் மென்மையான பிராணி. பல் படாமலேயே, துரத்தப்பட்ட அதிர்ச்சியாலும் களைப்பாலும் பின்னர் மடிந்துவிடக்கூடும். நாய்க்குச் சோறு வைத்தவருக்கு அது தெரிவதில்லை. அவர் கண்ணுக்கு நாயின் பசி மட்டுமே தெரிகிறது. மேலும், மக்கள் எறிந்த பிளாஸ்டிக் பைகளை உண்டும் அங்கே மான்கள் இறந்தன. ஆக, மானைக் கொன்றதில் நாய்க்கு ஒரு பங்கு, மனிதனுக்கு இரண்டு பங்கு.

2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நிறுவனத்தார் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து வளாகத்துக்குள்ளேயே வேலியிட்ட ஓரிடத்தில் அடைத்தனர். மான்களைக் காப்பதே நோக்கம் என்றனர். ஆனால் 2021இல், அடைக்கப்பட்ட நாய்களில் பல இறந்துவிட்ட செய்தி வெளியாயிற்று. விலங்கு ஆர்வலர்கள் கொதித்தெழுந்தனர். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. நாய் வேண்டும் என்பார் ஒரு பக்கம், மான் வேண்டும் என்பார் ஒரு பக்கம் என வளாகமே பிளவுபட்டது.

இரு தரப்பின் வாதத்திலும் நியாயம் இருந்தது. நாடு முழுவதும் பெருகிக் கிடக்கும் நாயையும், சென்னை நகரத்துக்குள் இந்த ஒரு துண்டு நிலத்தில் எஞ்சியிருக்கும் வெளிமானையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அந்த வளாகத்தில் மானுக்கே முதல் உரிமை என்பது என் கருத்து. ஆனால் நாயை அப்புறப்படுத்துவதென்று முடிவு செய்தவர், அப்புறப்படுத்திய நாயின் சாவுக்கும் வாழ்வுக்கும் பொறுப்பாளி ஆகிறார். அடைப்பது எளிது. அடைத்த பின் நாள்தோறும் தீனி, தண்ணீர், மருத்துவர், நோயுற்றதைத் தனியே பிரிக்க இடம், சண்டையிடுபவற்றைப் பிரிக்கத் தடுப்பு என்று செலவும் உழைப்பும் தொடர்ந்துகொண்டே இருக்கும். நூறு நாய்களை ஓரிடத்தில் நெருக்கி வைத்தால், ஒன்றுக்கு வந்த நோய் மற்றவற்றுக்கும் பரவ நாளாகாது.

சட்டம் வகுத்த வழி

பழைய காலத்தில் வழி ஒன்றே ஒன்றுதான்: கொல்வது. சென்னை மாநகராட்சியும் நெடுங்காலம் அதைத்தான் செய்தது. கொன்றும் நாய்கள் குறையவில்லை. குப்பை இருந்த இடத்தில் புதிய நாய்கள் வந்து நிரம்பின. 1996இல் மாநகராட்சி கருத்தடைத் திட்டத்துக்கு மாறிற்று. 2001இல் நாடு முழுமைக்கும் நாய்கள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023 மார்ச்சில் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்பதே இவ்விதிகளின் சாரம். அறுவை செய்யப்பட்ட நாயின் காது நுனியில் சிறு வெட்டு ஒன்று இருக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாயில் ஆகியவற்றுக்கு அருகே உணவு வைக்கலாகாது என்றும், குழந்தைகளும் முதியவர்களும் நடமாடும் நேரத்தைத் தவிர்த்தே உணவு வைக்கவேண்டும் என்றும் 2023ஆம் ஆண்டு விதிகள் கூறின.

விதிகள் நல்லவையே. நிறைவேற்றுவோர்தாம் அரிது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல், அதுவும் குறுகிய காலத்துக்குள் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தால்தான் பயனுண்டு என்பார்கள். ஆண்டுக்குப் பத்து நாய் என்று இழுத்தடித்தால் பிறக்கும் குட்டிகள் அதை விஞ்சிவிடும்.

2025ஆம் ஆண்டில் இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றத்தின் முன் பெரும் விவாதமாயிற்று. ஆகஸ்டு 11ஆம் நாள் தில்லியின் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்க ஆணை பிறந்தது. அதே மாதம் 22ஆம் நாள் வேறோர் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோயுற்றவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைச் சிகிச்சைக்குப் பின் அவற்றின் இடத்திலேயே விடலாம் என்றது. பின்னர் நவம்பர் 7ஆம் நாள் வந்த ஆணை நேரே நம் பொருளைத் தொடுகிறது. கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு மைதானங்கள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்கவேண்டும். பிடித்த இடத்தில் மீண்டும் விடலாகாது என்று நீதிமன்றம் பணித்தது. வளாகங்களுக்கு வேலியும் வாயிலும் வேண்டும், பொறுப்பதிகாரி ஒருவர் வேண்டும், உள்ளாட்சியினர் மூன்று மாதத்துக்கொரு முறையேனும் பார்வையிட வேண்டும் என்றும் அந்த ஆணை கூறிற்று.

அலிகரை நினைத்தால் இந்த ஆணையின் நியாயம் விளங்கும். கிண்டியை நினைத்தால் அதன் கடினமும் விளங்கும். காப்பகம் எங்கே? யார் கட்டுவது? தீனிக்கு யார் பணம்? அதற்கு விடையின்றி நாய்களை வண்டியில் ஏற்றினால் அவை ஊருக்கு வெளியே இன்னொரு ஏழைக் குடியிருப்பின் அருகே இறக்கிவிடப்படும் என்பதே என் அச்சம். தொட்டி மூடப்படாவிட்டால் வளாகத்துக்கும் புதிய நாய்கள் வந்து சேரும்.

உண்மையில், நகரத்தைக் காட்டிலும் வளாகத்தில்தான் இந்த வேலை எளிது. எல்லை தெரிகிறது, நாய்களை எண்ணிவிடலாம். மேலாளர் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது, காவலர் இருக்கிறார்கள். சமையற்கழிவை மூடிய கலத்தில் அடைத்து அன்றன்றே அகற்றுவதற்கோ, எரிவாயு உற்பத்திக்குப் பயன்படுத்துவதற்கோ படித்தவர் கூட்டம் உள்ள இடத்தில் தடை என்ன? வெளியூர் நாய் வந்தால் காவலாளியின் குறிப்பேட்டில் அன்றே பதியலாம். இவற்றுள் எதுவும் பெரிய விஞ்ஞானம் அன்று. நாள்தோறும் செய்யவேண்டிய சலிப்பூட்டும் வேலை. அதனால்தான் நடப்பதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நாய் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி நஜீஸ் பற்றியது. என்னிடம் ஓதி, இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் விடுமுறையில் வந்தபோது கேட்டார்: “ஹஜ்ரத், பள்ளிக்குப் போகிற வழியில் நாய் உரசிவிடுகிறது. உளூ முறிந்துவிடுமா? உடுப்பை மாற்றவேண்டுமா?” இந்தச் சந்தேகத்தாலேயே அவர் பல நாள் ஜமாஅத்தைத் தவறவிட்டிருக்கிறார்!

உளூ முறியாது. அதில் ஐயமேயில்லை. உடுப்பைப் பொறுத்தவரை, ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் நஜீஸ். ஈரம் பட்டால் ஏழு முறை கழுவி, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். ஆனால் நாயும் உலர்ந்து, உடுப்பும் உலர்ந்திருந்தால் ஷாஃபிஈ மத்ஹபிலும் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் நாயின் எச்சில்தான் நஜீஸ். உடல் பட்டதனால் மட்டும் உடுப்பு அசுத்தமாகாது. மாலிகி மத்ஹபினரோ உயிருள்ள நாயைத் தூய்மையானதென்றே கொள்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள் வந்துபோவதுண்டு என்றும், அதற்காக நீர் தெளித்துக் கழுவியதில்லை என்றும் இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் பதிவாகியுள்ளது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. மண்ணால் கழுவும் சட்டத்துக்கு விஞ்ஞானச் சான்று தேடி, மண் கிருமியைக் கொல்லும் என்று சிலர் எழுதி வருகின்றனர். வணக்கத்துக்குரிய சட்டத்துக்கு அத்தகைய முட்டுக்கட்டை தேவையில்லை. அதைப் படித்துவிட்டு நாய் கடித்த புண்ணில் மண்ணைப் பூசுகிறவர்களும் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்: அந்தச் சட்டம் நாய் வாய்வைத்த பாத்திரத்துக்குச் சொல்லப்பட்டது. புண்ணில் மண் படவே கூடாது. முதலில் உயிரைக் காத்துக்கொள்ளுங்கள்; மற்ற ஐயங்களைப் பிறகு ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

நஜீஸ் என்பது தூய்மை பற்றிய சட்டம். வெறுப்பதற்கான அனுமதி அன்று. குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் திருமறை, அவர்களோடு வாசலில் கால்நீட்டிக் கிடந்த நாயையும் குறிப்பிடாமல் விடவில்லை. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட ஹதீஸை மக்தப் குழந்தையும் அறியும். அதே வேளையில், கடித்துக் குதறும் நாயைத் தீங்கிழைக்கும் பிராணிகளின் வரிசையில் சேர்த்து, ஹரம் எல்லைக்குள்ளும் அதைக் கொல்ல அனுமதித்த ஹதீஸும் உண்டு. காவலுக்கும் வேட்டைக்கும் கால்நடைக்கும் அன்றி நாய் வளர்ப்பது நன்மையைக் குறைக்கும் என்பதும் வந்துள்ளது. ஆகவே, மார்க்கம் நாயை ஒரே முத்திரையில் அடைக்கவில்லை. எந்த நாய், எந்த இடம், என்ன தேவை என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது.

கிண்டிச் செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு ஹதீஸ். பூனையொன்றைக் கட்டிவைத்த பெண்ணின் வரலாறு அது. அவள் அதற்கு உணவும் தரவில்லை. பூமியில் கிடைப்பதைத் தின்று பிழைக்க அவிழ்த்தும் விடவில்லை. அதனால் அவள் வேதனைக்குள்ளானாள். அவிழ்த்துவிட்டிருந்தால் அவள் மீது குற்றமில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டிய கணத்திலிருந்து அதன் வயிறு அவளுடைய கணக்கில் சேர்ந்துவிட்டது. காப்பகம் கட்டுவோரும், மாடிப்படிக்கு அடியில் சாக்கு விரித்துப் பழக்கிவிட்டு மே மாதம் ஊருக்குப் போகும் பிள்ளைகளும் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

பெற்றோர்களின் கவனத்துக்கு

வெறிநாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் இந்தியர். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தவர் அரிதினும் அரிது. ஆனால் கடிபட்டவுடன் முறையாக ஊசி போட்டுக்கொண்டால் இந்நோய் வராமல் தடுத்துவிடலாம். இத்தனை கொடிய நோய்க்கு இத்தனை உறுதியான தடுப்பு இருந்தும் மக்கள் மடிகிறார்கள் என்றால் காரணம் மூன்று: அறியாமை, அலட்சியம், மறைத்தல்.

விடுதிப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது மூன்றாவது. சிறு கீறல்தானே, வாப்பாவுக்குத் தெரிந்தால் கவலைப்படுவார், உம்மா ஊருக்கு வரச்சொல்வார் என்று மறைத்துவிடுகிறார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் சொன்ன கதையும் பயமுறுத்துகிறது. அந்தப் பழைய மருந்து 2005ஆம் ஆண்டளவிலேயே நம் நாட்டில் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது போடுவது கையில். சாதாரண ஊசி போன்றதே. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் போடுகிறார்கள்.

கடிபட்டால் செய்யவேண்டியதைப் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லி அனுப்புங்கள். உடனே குழாய் நீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவவேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்தே கழுவவேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. இரத்தம் கசிந்த காயமாயின், ஊசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் போடவேண்டும். அதை மருத்துவரிடம் கேட்டே பெறவேண்டும். நாய் மட்டுமன்று, பூனையோ குரங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும் இதே முறைதான். கடித்த நாய் பத்து நாள் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது உண்மைதான். ஆனால் பார்த்துக்கொண்டே ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்றையும் மனம் நோகாமல் சொல்லியாகவேண்டும். நாய் கடித்தவுடன் தண்ணீர் ஓதி வாங்கவும், தாயத்துக் கட்டவும் நம் மக்களில் சிலர் ஓடுகிறார்கள். நானும் ஓதிக்கொடுக்கும் தொழிலில் உள்ளவன்தான். துஆ கேட்பது நம் கடமை. ஆனால் நோய்க்கு மருந்தை நாடச் சொன்னவரும் நம் நபியே (ஸல்). ஊசி போட்ட அட்டையைக் காட்டாதவருக்கு எந்த ஹஜ்ரத்தும் தண்ணீர் ஓதிக் கொடுக்கலாகாது என்று நம் ஜமாஅத்துகள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தால் நல்லது.

பிள்ளையைச் சேர்க்கச் செல்லும்போது விடுதி அறையையும் கழிவறையையும் பார்க்கிறோம். ஒரு நடை சமையற்கூடத்தின் பின்புறமும் போய்ப் பாருங்கள். தொட்டிக்கு மூடி இருக்கிறதா? அங்கே எத்தனை நாய் படுத்திருக்கிறது? அவற்றின் காதில் வெட்டு இருக்கிறதா? வளாக மருந்தகத்தில் நாய்க்கடி ஊசி இருப்பில் உண்டா, இல்லையேல் அருகில் எந்த அரசு மருத்துவமனை? இவற்றை விடுதிக் காப்பாளரிடம் கேளுங்கள். நாலு பெற்றோர் கேட்டால் மூடி தானே வந்து சேரும்.

நாய்க்கூட்டம் எதிரே வந்தால் ஓடக்கூடாது, நின்று, முகத்தை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல், மெல்லப் பின்வாங்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஃபஜ்ருக்குத் தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகட்டும். கையில் ஒரு விளக்கு இருக்கட்டும். இரக்கப்பட்டுச் சோறு போட விரும்பினால், வாயிலிலும் படிக்கட்டிலும் போடாமல், நிர்வாகம் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் போடட்டும். போடுகிற நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் ஆகிவிட்டதா என்று கேட்டறியட்டும். கடிபட்டால் அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என ஊசி வரும். தசையில் போடும் முறையாயின் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து முறை. இடையில் தேர்வு வரும், பெருநாள் வரும், ஊருக்குப் புறப்படும் நாளும் வரும். எந்த ஊரில் இருந்தாலும் அட்டையைக் காட்டி அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்துபோகும், முதல் ஊசி போட்ட அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.